கையெழுத்துக்கு அப்புறம்?

கேள்வி: வயது வந்தோருக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவது தன்னார்வலர்கள். அதுவும் சம்பளம் இல்லாமல். பிறகு அரசுக்கு இதில் என்ன வேலை? புத்தகம் அச்சடித்துக் கொடுத்தால் போதாதா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: போதாது. சென்ற மாதம் வங்கியில் என் பக்கத்தில் நின்ற அம்மா, பணம் எடுக்கும் சீட்டில் தன் பெயரை எழுத்து எழுத்தாக அழுத்தி எழுதினார். பிறகு சீட்டை என்னிடம் நீட்டி, “தொகையை மட்டும் நிரப்பிக் குடுங்க தம்பி” என்றார். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்பில் படித்தவராம். “அப்புறம் வகுப்பே நடக்கல.”

புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி தொடங்கியபோதும் பாடம் நடத்தியவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான். ஆனால் அங்கே கல் உடைத்த பெண்கள் அரிச்சுவடியோடு நிற்கவில்லை. குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் பெற்றார்கள். குத்தகை ஆணையை எந்தத் தொண்டர் தர முடியும், சொல்லுங்கள்? ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் நிர்வாகத்தையே அந்த வேலையில் இறக்கினார். அதனால் நடந்தது.

கேரளத்தில் 1998 முதல் எழுத்தறிவுக்கென்றே ஓர் அரசு அமைப்பு கலையாமல் இருக்கிறது. எழுத்தறிவுத் தேர்வில் தேறியவர் 4, 7, 10ஆம் வகுப்புக்கு இணையான தேர்வுகளுக்குப் போகலாம். 2018இல், 96 வயதில், நூற்றுக்கு 98 வாங்கிய கார்த்தியாயினி அம்மாவைப் பாராட்டினோமே, அவருக்கு அடுத்த படி ஒன்று தயாராக இருந்தது.

நம் கதை வேறு. 2009இல் வந்த மத்திய அரசின் எழுத்தறிவுத் திட்டமான சாக்‌ஷர் பாரத் 2018 மார்ச்சோடு முடிந்தது. அடுத்த பெரிய திட்டம் வந்தது 2022இல்தான். ஐந்தாண்டுக்கு 1,037.90 கோடி ரூபாய், இலக்கு ஐந்து கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 200 ரூபாய்ச் சொச்சம். பாடம் நடத்துவது இதிலும் தன்னார்வலர்கள்தான்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. பகலில் வேலை, சாயங்காலம் வகுப்பு என்று ஓடும் பெண்கள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்கள் கல்யாணமாகி வேறு ஊர் போனால் வகுப்பும் போய்விடுகிறது. ஊராட்சிக்கு ஒருவரைச் சம்பளத்தோடு போடட்டும். வகுப்பு முடிந்தபிறகும் இரண்டு வருடமாவது பேருந்துப் பலகை, ரேஷன் ரசீது, வங்கிச் சீட்டு என்று படித்தவர்களோடு அவர் உட்கார்ந்து படிக்கவைக்கட்டும். நான் அரசிடம் கேட்பது இதைத்தான்.