கோர்ஸுக்கு முன்னால் ஒரு பழைய சிஸ்டம்

ஏற்காட்டிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டது: "பையன் பத்தாவது முடிச்சுட்டானுங்க. கம்ப்யூட்டர் ஹார்டுவேர்தான் படிப்பேங்கறான். சேலத்துல மூணு மாசக் கோர்ஸ்ல சேர்த்து, புது லேப்டாப்பும் வாங்கித் தந்துடலாமா?"

இரண்டுக்கும் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாமுங்க. முதலில் பழைய டெஸ்க்டாப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஓடாத சிஸ்டமாக இருந்தால் இன்னும் நல்லது, விலையும் குறையும்.

தம்பி அதைப் பிரித்து மாட்டட்டும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, கேபினெட்டின் இரும்பைத் தொட்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். சிஸ்டத்துக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக் எடுத்த பிறகும், கரண்டைச் சேர்த்து வைக்கும் அதன் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கிற அளவு சார்ஜ் நிற்கலாம். ரேம் என்ற மெமரிப் பட்டையைக் கிளிப்பை விலக்கிக் கழற்றி, தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, 'டக்' என்று கிளிப் விழும்வரை அழுத்தி மாட்டட்டும். திரையில் ஒன்றும் வராமல் பீப் பீப் என்று கத்தும் சிஸ்டங்கள் பல, இவ்வளவிலேயே எழுந்துவிடும். மலை ஈரத்தில் அந்த விளிம்பில் அழுக்கு ஏறுவது சகஜம்.

அடுத்து, 'மெமரி' என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதில் இரண்டு இருப்பது அவனுக்குப் புரிய வேண்டும். இப்போது ஓடுகிற வேலையை வைத்திருப்பது ரேம். கரண்ட் போனால் அதில் இருந்தது போயிற்று. ஃபைல் நிரந்தரமாகத் தங்குவது ஹார்டு டிஸ்க்கிலோ, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியிலோ. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த ஃபைல் கெடலாம், விண்டோஸே ஏறாமலும் போகலாம். மழைக்காலத்தில் லைன் அடிக்கடி போகிற ஊரில் டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் கட்டாயம்.

1 டிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

எஸ்எஸ்டியில் ஓர் இடத்தில் பலரும் இடறுகிறார்கள். பட்டையாக இருக்கும் எம்.2 எஸ்எஸ்டி எல்லாம் ஒன்றல்ல. சில பழைய இணைப்பு முறையான சாட்டா வகை, விநாடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். சில புதிய முறையான என்விஎம்இ, அதைவிடப் பல மடங்கு வேகம். போர்டின் ஸ்லாட் எதை ஏற்கும் என்று பார்க்காமல் வாங்கினால், மாட்டியபின்னும், சிஸ்டம் எழும்போது முதலில் ஓடும் பயாஸில் டிரைவே தெரியாமல் போகலாம்.

சர்வீஸ் வேலையில் சம்பளம் உயர்வது போன டேட்டாவை மீட்கத் தெரிந்தவருக்குத்தான் என்பது என் கணிப்பு. ஹார்டு டிஸ்க்கில் டெலீட் செய்த ஃபைல், அதன் மேல் வேறு எழுதப்படாதவரை பெரும்பாலும் மீட்கக் கூடியது. அதனால் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் ஏற்றக் கூடாது, மீட்பு சாஃப்ட்வேரையும்கூட. எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு காலி இடத்தைத் தானே துடைத்துவிடுவதால், அநேகமாக எதுவும் கிடைக்காது. டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் உடனே ஆஃப் செய்ய வேண்டும். விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் மிச்சமும் போகும்.

ஒரு மாதம் போகட்டும். அப்போதும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமல் இருந்தால் படிப்பைப் பேசலாம். ஐடிஐயில் ஓராண்டு 'கோப்பா' (கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட்) டிரேடைப் பெயரைப் பார்த்து ஹார்டுவேர் என்று நினைத்துச் சேர்கிறார்கள். அதில் ஆஃபீஸ் சாஃப்ட்வேரும் புரோகிராமிங்கும்தான் அதிகம். ஹார்டுவேரும் நெட்வொர்க்கும் வேண்டுமென்றால் இரண்டாண்டு 'ஐசிடிஎஸ்எம்' (இன்ஃபர்மேஷன் கம்யூனிகேஷன் டெக்னாலஜி சிஸ்டம் மெயின்டனன்ஸ்) டிரேடை விசாரியுங்கள். இரண்டாண்டு ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் வழி உண்டு. மூன்று மாதக் கோர்ஸ்தான் என்றால், ஆளுக்கொரு சிஸ்டம் பிரிக்கத் தருவார்களா, நெட்வொர்க் கேபிளின் முனையில் பிளக்கைப் பொருத்தி கிரிம்ப் செய்ய வைப்பார்களா என்று கேளுங்கள். புரொஜெக்டரில் காட்டுவோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

லேப்டாப்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறைந்தது 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியைத் தம்பியே பார்க்கட்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'எஸ்ஓடிஐஎம்எம்' என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது, அதைக் கழற்றி மாற்ற முடியாது. அப்படியென்றால் 16 ஜிபியாகவே கேளுங்கள்.