முதலில் அஞ்சல் பெட்டியில் உன் பெயரை ஒட்டு

"ஜெர்மனிக்கு வந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. வகுப்பில் நடப்பது புரிகிறது, வெளியே எதுவும் புரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று தினமும் தோன்றுகிறது. உங்களுக்கு இங்கே கால் ஊன்ற எவ்வளவு காலம் ஆயிற்று அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று அழைத்துவிட்டாய். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆயின. 2011 அக்டோபரில் முதுநிலைப் படிப்புக்காக மாக்டெபுர்க் நகருக்கு வந்தேன். முதல் குளிர்காலம் முழுவதும் உன்னைப் போலத்தான் இருந்தேன். ஆனால் நான் பட்டதில் பாதி, ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டாததால் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. தெருப்பெயரும் கட்டட எண்ணும் மட்டுந்தான் முகவரி. அஞ்சல்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நான் குடியேறிய அறையின் பெட்டியில் முன்பிருந்த மாணவரின் பெயரே இருந்தது. அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. வங்கி அட்டை ஒரு கடிதத்திலும் அதன் இரகசிய எண் இன்னொரு கடிதத்திலும் வர வேண்டியிருந்தது. இரண்டும் 'பெறுநர் இல்லை' என்று திரும்பிப் போயின. கணக்கில் பணம் இருந்தும் ஐந்து வாரம் கடன் வாங்கிச் சாப்பிட்டேன். காப்பீட்டுக் கடிதத்துக்கும் அதே கதி. இந்த நாட்டில் யாருக்குமே நான் வேண்டாம் என்று அழுத நாட்கள் அவை. உண்மையில் எல்லோரும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

இதில் நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. கடவுச்சீட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தால், இங்கே அதுதான் உன் பெயர். பெட்டியிலும் அழைப்பு மணியிலும் அதைத்தான் எழுத வேண்டும். முதல் தடவை ஓர் அலுவலகத்தில் 'ஃப்ராவ்' (நம் 'திருமதி' போல) என்ற சொல்லோடு சேர்த்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன். பல ஆண்டுகள் கழித்து அப்பா இங்கே வந்தபோது, கீழ்த்தளத்துப் பெட்டிகளில் தன் பெயரைக் கண்டுபிடித்து விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு முடிந்துவிட்டதா? குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று தேவை. அதன் பிறகுதான் வரி எண் தபாலில் வரும். பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. அது வீட்டுக்கு ஒன்றுதான். அறைத்தோழி ஏற்கெனவே கட்டிவருகிறாள் என்றால் அவளுடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுது, போதும். எந்தக் கடிதத்தையும் புரியவில்லை என்று மேசையில் போட்டுவைக்காதே. குடியிருப்பு அனுமதிக்கான சந்திப்பு நேரத்தை இன்றே கேட்டு வை, மாதக்கணக்கில் தள்ளிக் கொடுப்பார்கள்.

படிப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இங்கே வருகைப் பதிவு அநேகமாக இல்லை, யாரும் விரட்ட மாட்டார்கள். அதை நம்பித்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலான படிப்புகளில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தவறினால் படிப்பே முடிந்துவிடும்; அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. எனவே முதல் பருவத்திலேயே ஆறு தேர்வுகளுக்குப் பதிவு செய்யாதே. மூன்றை எடுத்து நன்றாக எழுது. உங்கள் துறையின் தேர்வு விதிமுறையைப் படித்து, எந்த நாள் வரை பதிவை விலக்கிக்கொள்ளலாம் என்பதைக் குறித்துக்கொள்.

வேலை விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். அதற்காகக் கிடங்குகளில் இரவு முறைக்குப் போய், காலை வகுப்பில் தூங்கி, இரண்டு ஆண்டுப் படிப்பை நான்கு ஆண்டாக இழுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்த அடைக்கப்பட்ட கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறதல்லவா, முதல் பருவம் அதற்குள் வாழப் பார். பிறகு பேராசிரியர்களிடம் உதவியாளர் வேலை கேள். அதை இங்கே 'ஹிவி' என்பார்கள். பல்கலைக்கழகத்துக்குள் பார்க்கும் அந்த வேலை 140 நாள் கணக்கில் சேராது.

இனி நீ உண்மையில் கேட்டதற்கு வருகிறேன். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன் பின் நாலரை மணிக்கே இருட்டிவிடும். டிசம்பரில் பகல் சுமார் எட்டு மணி நேரந்தான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தெருவில் ஆளிருக்காது. உன் மனம் சோர்வதில் இந்த வெளிச்சக் குறைவுக்கும் பங்கு உண்டு. அதனால் திரும்பிப் போகும் முடிவை நவம்பரில் எடுக்காதே. நண்பகலில் அரை மணி நேரமாவது வெளியே நட. தூக்கமே வராமல் நாட்கள் போனால், மாணவர் விடுதியையும் உணவகத்தையும் நடத்தும் அதே ஸ்டூடியரெண்டென்வெர்க் அமைப்பின் மனநல ஆலோசகரிடம் போ. பெரும்பாலும் கட்டணம் கிடையாது, ஆங்கிலத்திலும் பேசலாம். நான் போனேன். இன்னும் முன்னதாகப் போயிருக்கலாம்.

ஜெர்மன் மொழி எனக்கு வகுப்பில் வரவில்லை, மாடிப்படியில் வந்தது. வீட்டில் ஆளில்லாவிட்டால் பார்சலை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு, யாரிடம் இருக்கிறது என்று சீட்டு வைப்பார்கள். ஒரு நாள் கீழ்வீட்டு மூதாட்டியின் பெயர் எழுதிய சீட்டு வந்தது. மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு அவர் வீட்டு மணியை அழுத்தினேன். பார்சலைத் தந்துவிட்டு, என் அப்பாவின் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டார். நாலு முறை சொல்லிப் பார்த்தார். மறுவாரம் அவருடைய பார்சல் என்னிடம் வந்தது.

உன் கட்டடத்து மணிகளில் யார் யார் பெயர் இருக்கிறது என்று இன்று உள்ளே போகும்போது படித்துப் பார். உன் பெயர் இல்லையென்றால் இன்றே ஒட்டிவிடு. வீட்டு உரிமையாளர் செய்வார் என்று காத்திருக்காதே.