காலையில் வகுப்பு தொடங்கியதும் கைவேலை எதற்கு?

தொடக்கப் பள்ளியில் மணி அடித்ததும் பாடம் நடத்தாமல் பிள்ளைகளிடம் களிமண்ணும் புளியங்கொட்டையும் ஏன் கொடுக்கிறார்கள்? காலைக் கைவேலை என்பது முதல் 10, 15 நிமிடம் அவர்களே செய்யக்கூடிய சின்ன வேலை, அவ்வளவுதான்.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை காலை உணவுத் திட்டத்தில் (2022-இல் வந்தது) பொங்கல் சாப்பிட்டுவிட்டு வருகிறது. இன்னொன்று பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வருகிறது. மூன்றாவதுக்கு அம்மாவைப் பிரிந்த அழுகையே அடங்கவில்லை. மூன்று மனசும் மூன்று இடத்தில். கைக்கு வேலை வந்தால் கவனம் ஓரிடத்தில் நிற்கும். தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அதே கதைதான்.

எனக்குப் பிடித்தது புளியங்கொட்டை. கோடையில் புளி உடைக்கும் வீடுகளில் சும்மாவே கிடைக்கும். சிலேட்டில் பெரிதாக 'அ' எழுதி, கோட்டின் மேல் கொட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள்; சுழி வருமிடத்தில் விரல் தானாக நிதானமாகும். அப்புறம், ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.

விளையாட்டுக் காட்டி நேரத்தை ஓட்டுகிறார்கள் என்று சில பெற்றோர் நினைப்பது தவறு. எண்ணிக்கையும் எழுத்தின் வடிவமும் பழகுவது அந்த நேரத்தில்தான்.