ஜோபர்க் குளிரை விட்டு டர்பனுக்கு வரலாமா? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் ஜூன், ஜூலையில் குளிர் தொடங்கியதும் ஜோபர்க் என்கிற ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் நம் இந்திய வம்சாவளி மக்களிடமிருந்து இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும்: கடற்கரை ஊரான டர்பனுக்கு வந்துவிடலாமா? நான் ஜோபர்க்கில் நம் மக்கள் அதிகம் வாழும் லெனேசியாவில் 21 வருஷம் இருந்தவள். வீடு வாங்கி விற்கும் பத்திர வேலைகளைப் பார்க்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்தேன். 2017-இல் நானும் கணவரும் டர்பனுக்கு வடக்கே இருக்கும் வெருலத்துக்குக் குடிவந்தோம். இரண்டு ஊரிலும் வாழ்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்; எல்லாம் ஜோபர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்து ஊர்கள்.

கேள்வி (லெனேசியா): தங்கச்சி, எனக்கு 66 வயது. குளிர் வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. போன ஜூலையில் டர்பனில் மகள் வீட்டில் இரண்டு வாரம் இருந்தேன். சொர்க்கம் மாதிரி இருந்தது. வீட்டை விற்றுவிட்டு வந்துவிடலாமா?

அக்கா, ஜூலையில் பார்த்ததை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். டர்பன் மிக நல்லபடியாக இருக்கும் மாதம் அது. பகலில் 23 டிகிரி, இரவில் 11 வரை இறங்கும். அதே சமயம் ஜோபர்க்கில் பகலில் 17, இரவில் 4. கடல்மட்டத்துக்கு மேலே 1,700 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் ஊர் அது. நம் வீடுகளிலோ சூடேற்றும் வசதி கிடையாது, வெளியே இருக்கும் குளிர் அப்படியே உள்ளேயும் இருக்கும். காஸ் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ராத்திரிகளை நானும் மறக்கவில்லை.

ஆனால் டர்பனின் பிப்ரவரியை நீங்கள் பார்க்க வேண்டும். கணக்குக்கு 28 டிகிரிதான். இரவிலும் 21-க்குக் கீழே அதிகம் இறங்காது, காற்றெல்லாம் ஈரம். துவைத்த துணி காயாது, உப்பு டப்பாவில் உப்பு கட்டியாகிவிடும். ஜோபர்க்கில் எவ்வளவு வெயில் அடித்தாலும் சாயங்காலம் ஓர் இடிமழை வந்து ஊரைக் குளிர வைத்துவிட்டுப் போகும். இங்கே மழை பெய்து முடிந்த பிறகும் புழுக்கம் போகாது. முதல் வருஷம் பிப்ரவரியில் நடுராத்திரி எழுந்து வெறும் தரையில் படுத்திருக்கிறேன். அந்தச் சாயங்கால இடிமழைக்காக இன்றும் மனம் ஏங்கும்.

முழங்கால் விஷயத்தில், வெப்பம் மூட்டுவாதத்தைக் குணமாக்காது. காலை நேர இறுக்கம் குறையும், அதுவே பெரிய நிம்மதிதான். அதைவிட, இங்கே குளிர்காலத்திலும் விடியற்காலையில் நடக்கலாம். எனக்கு முழங்கால் தேறியது அந்த நடையால்தான் என்று நம்புகிறேன். பிரஷருக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரை) சாப்பிடுபவராக இருந்தால், புழுக்கத்தில் உடம்பு நீர் வற்றிப்போகும். முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். பிப்ரவரியில் இரண்டு வாரம் தங்கிப் பாருங்கள், விற்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி (மிட்ராண்ட்): மகனுக்கு ஆஸ்துமா. கடல் காற்று நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எல்லோருக்கும் நல்லது இல்லை. ஜோபர்க்கின் வறண்ட குளிரும், குளிர்காலத்தில் நிலக்கரியும் விறகும் எரிக்கும் புகையும் சில பிள்ளைகளுக்கு ஆகாது; அவர்களுக்கு இங்கே வந்தால் லேசாகும். பூஞ்சையும் தூசுப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு டர்பன் இன்னும் மோசம், ஈரத்தில் இரண்டும் செழித்து வளரும். மகனுக்கு எது ஆகவில்லை என்று அலர்ஜி சோதனை செய்து தெரிந்துகொள்ளுங்கள். டர்பனின் தெற்கே மெரிபேங்க், ஜேக்கப்ஸ் பக்கம் வீடு பார்க்காதீர்கள். அங்கே நம் மக்கள் நிறைய இருக்கிறார்கள்தான். ஆனால் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் பகுதி, காற்று மாசைப் பற்றி அந்த மக்கள் பல வருஷமாகப் போராடி வருகிறார்கள்.

கேள்வி (பெனோனி): கணினித் துறையில் இருக்கிறேன் அக்கா. சம்பளம் குறையுமா?

பெரும்பாலும் குறையும் தம்பி. நாட்டின் பொருளாதாரத்தில் மூன்றில் ஒரு பங்கு கௌடெங் மாகாணத்தில்தான் இருக்கிறது. வேலை கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். இப்போதைய கம்பெனியே வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டால் அதைப் போல வசதி கிடையாது. மாதம் ஒரு முறை போய்வர விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி வந்தவர் ஒருவரைத் தெரியும், மேலாளர் மாறியதும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கேள்வி (லாடியம்): டர்பனில் வீடு வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

என் பழைய வேலைக்கே வந்துவிட்டீர்கள். முதலில் நிலம். இங்கே ஊரே மேடும் பள்ளமும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சரிவில் இருந்த வீடுகள் மண்ணோடு போயின. சரிவின் விளிம்பிலோ ஓடைக்கரையிலோ இருக்கும் வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தாங்குசுவரில் விரிசல் இருக்கிறதா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். முடிந்தால் மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள்.

அடுத்தது சுவரில் ஊறும் ஈரம். புதிதாக பெயின்ட் அடித்த சுவரைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள், பூஞ்சை வாசம் பொய் சொல்லாது. கடலுக்குப் பக்கத்தில் என்றால் உப்புக்காற்று ஜன்னல் கம்பி, கேட் மோட்டார், ஏர்கான், கார் எல்லாவற்றையும் தின்றுவிடும். சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி வாங்கினால் செலவு நிறைய மிச்சம்.

பத்திரத்தில், மின்சாரச் சான்றிதழோடு பீட்டில் (வண்டு) சான்றிதழும் கேளுங்கள். ஜோபர்க்கில் அந்தப் பழக்கம் பெரும்பாலும் இல்லை. கூரை மரத்தை வண்டு துளைக்கவில்லை என்று சோதித்துத் தருவது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். குழாயில் தண்ணீர் எத்தனை நாள் வராமல் போகிறது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். அந்த 2022 வெள்ளத்துக்குப் பிறகு வெருலத்துக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாங்கள் இன்றும் தண்ணீர்த் தொட்டி இல்லாமல் இருப்பதில்லை.

கேள்வி (லெனேசியா): மலேரியா, பாம்பு?

மலேரியா டர்பனில் இல்லை; டர்பன் இருக்கும் மாகாணத்தின் வடகோடியில், மொசாம்பிக் எல்லைப் பக்கம் உண்டு. பாம்பு உண்டு, கருப்பு மாம்பாவும் உண்டு. கண்டால் கிட்டே போகாமல் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். தினமும் தொல்லை கொடுப்பது குரங்குதான். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மேஜையில் பழம் வைக்காதீர்கள்.

கேள்வி (ஜோபர்க்): 2021 ஜூலையில் நடந்த கலவரத்தைப் பார்த்தபின் அங்கே வர பயமாக இருக்கிறது.

அந்த ஒரு வாரம் நாங்களும் தூங்கவில்லை. தெருமுனையில் ஆண்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள், கடைகளில் ரொட்டி இல்லை. டர்பன் பக்கத்தில் நம் மக்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்த வலி இரு பக்கமும் இன்னும் ஆறவில்லை, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கலவரம் கௌடெங்கிலும் நடந்தது, இரண்டு மாகாணத்திலும் சேர்த்து 350 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே வந்தால் இங்கத்துக் கறுப்பின மக்களின் மொழியான ஜூலுவில் ஐந்து வார்த்தையாவது பேசக் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிப் பழகுங்கள். பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

கேள்வி (மிட்ராண்ட்): பிள்ளைகளுக்குத் தமிழ், கோயில் எல்லாம் அங்கே சுலபமா?

இதில் மட்டும் தயங்காமல் ஆமாம் என்பேன். 1860 நவம்பரில் கூலி வேலைக்கு நம்மவர்களை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து முதல் கப்பல் வந்து நின்ற ஊர் இது. கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்கள் கட்டிய மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று நடக்கும் திருவிழாவில் நிற்க இடம் இருக்காது. பேசும் தமிழ் குறைந்துவிட்டது, அது உண்மை. தேவாரம் பாடும் பிள்ளைக்கு அதன் பொருள் தெரிவதில்லை. கோயிலில் வகுப்பு இருக்கிறது என்று வீட்டில் தமிழ் பேசுவதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (பெனோனி): என் கறிவேப்பிலைச் செடி ஒவ்வொரு ஜூலையிலும் பனியில் கருகிவிடுகிறது. வரும்போது தொட்டியோடு கொண்டுவரட்டுமா?

அதை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள் அம்மா. இங்கே அது மரமாகிறது. முருங்கை வேலிக்கு மேலே போகும், சேப்பங்கிழங்கு தானாக முளைக்கும். கறிவேப்பிலை மரத்தடியில் கன்று வந்துகொண்டே இருக்கும். என் வீட்டுக் கொல்லையில் இப்போது ஆறு இருக்கிறது. வெருலம் பக்கம் வரும்போது ஒரு வாளி கொண்டுவாருங்கள், மண்ணோடு தோண்டித் தருகிறேன்.