எழுபதுகளின் பாட்டு எந்த வழியாக வந்தது? வானொலி, இசைத்தட்டு, கொட்டகை குறித்த கேள்வி பதில்

1970களில் தமிழ்நாட்டு மக்கள் திரையிசையை எந்தெந்தக் கருவிகளின் வழியாகக் கேட்டார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, வால்வு ரேடியோக்களையும் ரெக்கார்ட் பிளேயர்களையும் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில் பதில் அளிக்கிறேன். நடிகர்களைப் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்; அவற்றுக்கு விடை சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: ஐயா, என் அப்பா இராமநாதபுரம் பக்கம் வளர்ந்தவர். சென்னை வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும் என்று இன்றும் சொல்கிறார். கடல் கடந்து வருவது எப்படி அவ்வளவு தெளிவாக இருந்திருக்கும்?

பதில்: கடல் கடந்து வந்ததால்தான் தெளிவாக இருந்தது. பகல் நேரத்தில் மத்திய அலை (மீடியம் வேவ்) தரையை ஒட்டியே பயணம் செய்கிறது. வறண்ட மண்ணும் பாறையும் அதன் வலிமையை விரைவில் உறிஞ்சிவிடும். உப்புநீரோ மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடற்பரப்பின் மீது அதே அலை அதிக இழப்பின்றி நெடுந்தொலைவு செல்லும். ஆகவே பாக் நீரிணையைத் தாண்டி வரும் அலைக்கு, சென்னையிலிருந்து தரைமேல் தவழ்ந்து வரும் அலையைவிட வேலை எளிது. இரவில் கதை வேறு. வானில் வெகு உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன; அயனி மண்டலம் என்பது அதுதான். பகலில் அதன் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோக, அதற்கு மேலுள்ள அடுக்குகள் அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்புகின்றன. இப்படி வானத்திலிருந்து இறங்கும் அலையும் தரையோடு வரும் அலையும் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் விளையாடுவதால்தான், பல்லவி நன்றாகக் கேட்டு, சரணத்தில் தேய்ந்து, மறுபடி பல்லவிக்கு மேலெழும்பி வரும்.

ஆனால் மக்கள் இலங்கை வானொலியை நாடியதற்கு அலையின் தெளிவு மட்டும் காரணமில்லை. 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஏறக்குறைய ஒதுக்கிவைத்தார். கேட்கும் ஆசை கொண்டவர்கள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்கு இடம் தரும் விவித பாரதி சேவையைத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. 1972-ல் கொழும்பு நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் பெயர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் (ஸ்ரீலங்கா பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன்) ஆகிவிட்டது. நம் ஊரில் அது கடைசிவரை ‘சிலோன் ரேடியோ’தான். அதன் அறிவிப்பாளர்களான கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களைப் பாடகர்களின் குரல்களுக்கு இணையாக மக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். பாட்டுக்காகக் காத்திருந்தோம் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அந்தத் தமிழுக்காகவே காத்திருந்தார்கள் என்பது என் கருத்து.

கேள்வி: ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும் என்பது உண்மையா?

பதில்: உண்மை. தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, லைசென்ஸ் புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1980களில்தான் அது நீங்கியது.

கேள்வி: தாத்தா டிரான்சிஸ்டரை மேசைமீது வைத்துக்கொண்டு, அதை இப்படியும் அப்படியும் திருப்பியபடியே இருப்பார். அது வெறும் பழக்கமா, அதனால் பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு, உங்கள் தாத்தா விவரமானவர். பெட்டியைத் திறந்து பார்த்தால், மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய கருஞ்சாம்பல் நிறக் குச்சி ஒன்று உள்ளே படுத்திருக்கும். ஃபெரைட் எனப்படும் அந்தக் குச்சிதான் மத்திய அலைக்கான ஏரியல். அதன் பக்கவாட்டு, நிலையத்தை நோக்கி இருந்தால் ஒலி உரக்க வரும். அதன் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி அமுங்கிவிடும். வேண்டிய நிலையத்தை உரக்க வைப்பதைவிட, குறுக்கே புகும் வேண்டாத நிலையத்தை அமுக்குவதற்கே அனுபவசாலிகள் பெட்டியைத் திருப்பினார்கள். வெளியே இழுத்து நீட்டும் கம்பிக்கு இதில் வேலையில்லை. அது சிற்றலைக்கு (ஷார்ட் வேவ்) உரியது.

கேள்வி: சென்னையில் அப்போதே டிவி வந்துவிட்டது அல்லவா?

பதில்: 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது, கறுப்பு வெள்ளையில். நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் தாண்டி அது எட்டவில்லை. மற்ற ஊர்களின் எழுபதுகளில் அதற்கு இடமே இல்லை.

கேள்வி: டூரிங் டாக்கீஸில் ஏன் அத்தனை இடைவேளை? முறுக்கும் சோடாவும் விற்பதற்காகவா?

பதில்: விற்பனை நடந்தது, ஆனால் காரணம் அதுவன்று. நகரத் தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர்கள் இருக்கும். ஒன்று முடியும் நொடியில் மற்றொன்றை ஆபரேட்டர் ஓடவிடுவார். கொட்டகையில் இருந்தது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. 35 மி.மீ. படச்சுருளில் 1000 அடி கொண்ட ஒரு ரீல் ஏறத்தாழ 11 நிமிடங்களே ஓடும். மூன்று ரீல்களை ஒட்டிச் சுற்றினாலும் ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சுருளை மாற்றியே ஆகவேண்டும். அந்த இடைவெளியில் கார்பன் குச்சிகளையும் ஆபரேட்டர் சரிசெய்துகொள்வார். மின்விளக்கு அல்ல, இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே எரியும் மின்பொறியே அக்காலத் திரைக்கு ஒளி தந்தது. குச்சிகள் தேய்ந்து இடைவெளி கூடினால் படம் மங்கும், கூட்டம் விசிலடிக்கும்.

கேள்வி: அதே பாடல்களை இப்போது டிஜிட்டலில் துல்லியமாகக் கேட்கிறேன். ஆனாலும் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் கேட்டதுபோல் இல்லை. இது வெறும் ஏக்கம்தானா?

பதில்: வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட மாட்டேன், நீங்கள் அன்று கேட்டது உண்மையிலேயே வேறு ஒலி. ரேடியோ செட்காரர் தென்னை மரத்தில் கட்டிய அந்தக் குழாயிலிருந்து கனத்த ஒலிகள் வெளியே வராது. குரலும் நாதஸ்வரமும் ஷெனாயும் நிற்கும் இடைநிலை ஒலிகளை மட்டும் அது குவித்து வயல் தாண்டி அனுப்பும். மத்திய அலை வானொலியோ, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரும்பாலும் கொண்டுவந்து சேர்க்காது. இரண்டிலும் பாடகர் முன்னே வந்து நிற்க, தாளக்கருவிகள் பின்னால் ஒதுங்கிவிடும். இன்றைய மறுபதிப்புகளில் தாளத்தை உயர்த்தி, மோனோவாகப் பதிவான பாட்டை இரு பக்கமும் பிரித்து, சில நேரம் எதிரொலியும் சேர்த்துவிடுகிறார்கள். கைவைக்காத மோனோ பிரதி கிடைத்தால், அதை ஒற்றை ஸ்பீக்கரில், அடுத்த அறையிலிருந்து கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பரணில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் கிடைத்திருக்கின்றன. துடைத்துவிட்டுப் புது பிளேயரில் போடலாமா?

பதில்: பொறுங்கள்; முதலில் இரண்டு வகையாகப் பிரியுங்கள். கனமாக, வளையாமல், தட்டினால் ஓடுபோல் ஒலிப்பவை அரக்கு கலந்து செய்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகள். லேசாக வளைந்து கொடுப்பவை வினைல். 45 சுற்று ஓடும் சிறிய தட்டுகளும் 33 சுற்று ஓடும் பெரிய தட்டுகளும் பெரும்பாலும் அந்த வகை. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவமும் படக்கூடாது, ஏனெனில் ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி போதும். 78-க்கு அகன்ற முள், வினைலுக்கு நுண்ணிய முள். பழைய கிராமபோனின் எஃகு முள்ளை வினைல்மீது வைத்தால் ஒரே ஓட்டத்தில் தடம் அழிந்துவிடும். தட்டு துள்ளுகிறதே என்று முள்தலைமீது நாணயத்தை வைக்கும் அந்தக் கால வைத்தியமும் வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒருமுறை கவனமாக ஓடவிட்டு கணினியில் பதிவு செய்துகொண்ட பிறகு, உறையிட்டு, படுக்கையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். மறுபடி பரணுக்கு அனுப்பிவிடாதீர்கள். கூரையடி வெக்கையில் வினைல் கோணிவிடும்.