தீ, பாதுகாப்பு டிப்ளமோ: அங்கீகாரத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

கேள்வி: என் மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறான். ஆறு மாத ‘இன்டர்நேஷனல் டிப்ளமோ இன் ஃபயர் அண்ட் சேஃப்டி’ படிப்பில் சேரச் சொல்கிறார்கள். கட்டணம் 85,000 ரூபாய். பிரிட்டனில் உள்ள ஓர் அமைப்பின் அங்கீகாரம், ஐ.எஸ்.ஓ. சான்று, மத்திய அரசுப் பதிவு எல்லாம் இருக்கிறதாம். வளைகுடாவில் வேலையும் அவர்களே வாங்கித் தருவார்களாம். அந்தப் பிரிட்டன் அமைப்பு நம்பகமானதுதானா? நோட்டீசை இணைத்திருக்கிறேன். பணம் இன்னும் கட்டவில்லை.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பணம் கட்டாதது நல்லது. ‘வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்தால் தள்ளுபடி’ என்று நோட்டீசில் போட்டிருப்பதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

அதில் இருக்கும் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ‘மத்திய அரசுப் பதிவு’ என்பது உத்யம் பதிவு. சிறுதொழில் நடத்தும் யாரும் ஆன்லைனில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். விவரங்களைச் சொல்வதும் நாம்தான், உறுதிகூறுவதும் நாம்தான். மாவு மில்லுக்கும் அதே பதிவுதான். பாடம் என்ன, வாத்தியார் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது நிறுவனம் நடக்கும் முறைக்கான சான்று, படிப்புக்கானது அல்ல. ஜெனீவாவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. தரத்தை எழுதி வெளியிடுவதோடு அதன் வேலை முடிந்தது. சான்றிதழ் கொடுப்பவை வேறு ஏஜென்சிகள். அந்த ஏஜென்சிக்கு, இந்தியத் தர கவுன்சிலின் கீழ் உள்ள என்.ஏ.பி.சி.பி. போன்ற ஓர் அமைப்பு அங்கீகாரம் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

சரி, பிரிட்டன் அமைப்புக்கு வருகிறேன். நோட்டீசில் அதன் பெயருக்குக் கீழே கம்பெனிப் பதிவு எண்ணும், ‘யு.கே. கற்றல் வழங்குநர் பதிவேடு’ என்று ஓர் எட்டு இலக்க எண்ணும் இருக்கின்றன. பிரிட்டனில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்ய அங்கே போய் நிற்க வேண்டியதில்லை, இங்கிருந்தபடியே ஆன்லைனில் முடித்துவிடலாம். அந்தக் கற்றல் வழங்குநர் பதிவேடும், தன்னிடம் பெயர் இருப்பது தரத்துக்கான சான்று அல்ல என்று தானே சொல்லிவிடுகிறது. இரண்டு எண்ணும் உண்மையாகவே இருக்கலாம். அங்கீகாரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது.

நீங்கள் பார்க்க வேண்டியது, அங்கீகாரம் கொடுப்பவருக்கு அங்கீகாரம் கொடுத்தவர் யார் என்பதை. இங்கிலாந்தில் அந்த வேலையைச் செய்வது ஆஃப்குவால் என்ற அரசு அமைப்பு. அதன் பதிவேட்டை யாரும் இலவசமாகத் தேடலாம். அமைப்பின் பெயரோடு நிறுத்திவிடாமல் படிப்பின் பெயரையும் தேடுங்கள். அமைப்பு உள்ளே இருக்கும், உங்களுக்கு விற்கிற படிப்பு மட்டும் வெளியே இருக்கும். இப்படித்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். ஸ்காட்லாந்துக்கு இதற்கென்று தனி அமைப்பு உண்டு. வளைகுடாக் கம்பெனிகள் கேட்கும் நெபோஷ் (பணியிடப் பாதுகாப்புத் தேர்வுகள் நடத்தும் பிரிட்டன் அமைப்பு) தகுதிகள் அந்த ஸ்காட்லாந்து அமைப்பின் கீழ் வருபவை. இந்தியப் படிப்பு என்றால், தொழிற்கல்விக்கான மத்திய அரசு அமைப்பான என்.சி.வி.இ.டி. நடத்தும் தேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்புக்கு ஓர் எண் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. அந்தப் பதிவேடுகளுக்கு நீங்களே தேடிப் போங்கள். நிறுவனம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க்கில் போகாதீர்கள். நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். அவன் சான்றிதழில் தங்க நிற ஸ்டிக்கர், புடைப்பு முத்திரை, மூலையில் கியூ.ஆர். கோடு. ஸ்கேன் செய்தால் அவன் படம், பெயர், கீழே பச்சை எழுத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’. மேலே முகவரியைப் பார்த்தேன். அந்தப் பயிற்சி நிறுவனத்தின் சொந்த வலைத்தளம்! வெல்டிங் ஆரம்பிக்கும் முன் எழுதும் ஹாட் வொர்க் பெர்மிட்டைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னேன். அவன் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் என்று போகும்போது சொன்னான். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை. இந்திய அரசுத் தளம் என்றால் முகவரி பெரும்பாலும் டாட் கவ் டாட் இன் (.gov.in) என்று முடியும். டாட் ஆர்க் டாட் இன் (.org.in) யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடியது. டீக்கடை வைக்கவே உணவுப் பாதுகாப்புப் பதிவு கேட்கிற அரசு, ஒரு தகப்பனின் ஒரு வருடச் சேமிப்பை வாங்கிக்கொண்டு டிப்ளமோ அச்சடித்துக் கொடுப்பவரை என்ன ஏது என்று கேட்பதில்லை. பெற்றோர் நாலு இணையதளம் தேடித் துப்பறிய வேண்டியிருக்கிறது.

‘எம்பசி அட்டெஸ்டேஷன் (தூதரகச் சான்றொப்பம்) செய்து தருவோம்’ என்பதிலும் மயங்க வேண்டாம். அது முத்திரையும் கையெழுத்தும் உண்மை என்பதற்குத்தான். படிப்பின் தரத்துக்கு வெளியுறவு அமைச்சகம் பொறுப்பேற்பதில்லை.

நெபோஷ் படிக்க வைப்பதாகச் சொன்னால், நெபோஷின் வலைத்தளத்தில் உள்ள பயிற்சிக் கூட்டாளிகள் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். நெபோஷின் சில தேர்வுகள் வீட்டிலிருந்தே புத்தகம் பார்த்து எழுதுபவை என்பதால், ‘நாங்களே எழுதித் தருகிறோம்’ என்று புரோக்கர்கள் சுற்றுகிறார்கள். அப்படிப்பட்ட தேர்வுக்குப் பிறகு நேர்காணலும் வைப்பார்கள். மாட்டினால் போவது மகனின் பெயர்.

இதில் நீங்கள் கேட்காத ஒரு விஷயம் இருக்கிறது. யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டுத் தொழிற்சாலையில் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு, அசல் நெபோஷ் இருந்தாலும் அது மட்டும் போதாது. மாநில அரசு ஏற்றுக்கொண்ட தொழிற்பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்பில் சில ஆண்டு அனுபவமும் வேண்டும். எந்த நாட்டு முத்திரையும் இதை மாற்றாது. நெபோஷ் வெளிநாட்டுக்கு உதவும், இங்கே கூடுதல் தகுதியாக நிற்கும். சட்டப்படியான அந்த நாற்காலிக்கு வேறு வழி. சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் தொழிற்பாதுகாப்பு அட்வான்ஸ்டு டிப்ளமோ அப்படிப்பட்ட படிப்பு. உங்கள் மகனிடம் மெக்கானிக்கல் டிப்ளமோ இருக்கிறது. முதலில் ஒரு பட்டறையிலோ ஆலையிலோ வேலைக்குச் சேரட்டும், அப்புறம் இதைப் படிக்கட்டும். ஆறு மாதத்தில் ‘சேஃப்டி ஆபீசர்’ ஆக்குகிறேன் என்பவர் இந்தச் சட்டத்தை மறைத்துத்தான் பேசுகிறார்.

வளைகுடா வேலைக்கு வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவர்தான் ஆள் அனுப்பலாம். அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. பயிற்சி நிறுவனமே வேலையும் தருகிறது என்றால் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: சான்றிதழில் யார் பெயர் அச்சாகும், அந்தப் படிப்பின் பதிவேட்டு எண் என்ன, போன வருடம் வேலைக்கு எடுத்த இரண்டு கம்பெனிகளின் பெயர் என்ன என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். அந்தக் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவுக்கு நீங்களே போன் செய்யுங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்ட பெற்றோர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிப்பின் எண் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், பதிவேட்டில் நானும் பார்த்துச் சொல்கிறேன்.