ரப்பர் விதையை வரையுங்கள் அக்கா

கேள்வி: எனக்கு 58 வயது. பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டுக்காரிகள் இரண்டு பேர். ஒருத்திக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. இன்னொருத்தி மகனோடு சென்னைக்குப் போய்விட்டாள். பகல் முழுக்க ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். ஃபோன் செய்தால் இருவருமே 'நல்லாருக்கேன் மக்கா' என்று வைத்துவிடுகிறார்கள். கையால் சின்னச் சின்ன கார்டு வரைந்து அனுப்ப ஆசை. ஆனால் எனக்கு வரையத் தெரியாது. உள்ளே என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. 'வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் அனுப்பினால் போதாதா' என்கிறாள் என் மகள்.
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: அனுப்புங்கள் அக்கா, இந்த வாரமே அனுப்புங்கள்.

ஃபோன் அடித்தால் எடுத்துப் பேச வேண்டும், குரலைச் சரிசெய்துகொண்டு 'நல்லாருக்கேன்' என்று சொல்ல வேண்டும். கீமோவில் சோர்ந்து கிடப்பவருக்கு அதற்குக்கூடத் தெம்பு இருக்காது. கார்டு அப்படி அவசரப்படுத்தாது. தலைமாட்டில் கிடக்கும், முடிகிறபோது எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

வரையத் தெரியாது என்கிறீர்கள். ரோஜாவும் சூரிய உதயமும் வரையப் போனால்தான் அந்தக் கவலை. அதையெல்லாம் அச்சடித்தே கடையில் விற்கிறார்கள். உங்கள் மூவருக்கு மட்டும் தெரிந்த ஒரு பொருளை எடுங்கள். குலசேகரத்தில் வளர்ந்தவர்கள், ரப்பர் விதையைக் கல்லில் தேய்த்து, சூடு ஏறியதும் பக்கத்தில் இருப்பவள் கையில் வைத்து அலற விட்டிருப்பீர்கள்தானே? அந்த விதையை வரையுங்கள்.

அது சுலபமும்கூட. வாட்டர்கலரில், வெளிறிய காவி நிறத்தில் ஒரு முட்டை வடிவம் தீட்டுங்கள். ஓர் ஓரத்தில் அரிசி அளவு இடத்தில் வண்ணம் படாமல் விடுங்கள். விதையின் பளபளப்பு அதில்தான் வரும். முக்கால்வாசி காய்ந்ததும் அடர்ந்த பழுப்பைப் பிரஷ் நுனியில் எடுத்து ஒழுங்கில்லாமல் புள்ளியும் கீற்றுமாக வையுங்கள். மிச்சமிருக்கும் ஈரத்தில் ஓரங்கள் லேசாகக் கசியும். கசியட்டும், விதையின் தோலும் அப்படித்தானே இருக்கிறது. கருப்பு வண்ணம் வேண்டாம், படம் செத்துப்போகும். பழுப்பில் கொஞ்சம் நீலம் கலந்தாலே போதிய அடர்த்தி கிடைக்கும்.

சென்னைத் தோழிக்குத் தோவாளை மாணிக்கமாலையை வரையலாம். செவ்வரளி, வெள்ளரளி, நொச்சி இலை வைத்துக் கட்டுகிற மாலை அது. சிவப்பு, வெள்ளை, பச்சையில் சின்னச் சின்னக் கட்டங்கள் போடத் தெரிந்தால் போதும். வெள்ளைக்குத் தனி வண்ணம் வேண்டாம், தாளையே விட்டுவிடுங்கள். அதற்கப்புறமும் யோசனை தேவைப்பட்டால் ஒருநாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய், பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். மரத்தில் 90 விதப் பூ செதுக்கியிருப்பதாகச் சொல்வார்கள். கார்டுக்கு ஒரு பூ என்று வைத்தாலும் பல வருஷத்துக்கு வரும். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சார்ட் பேப்பரில் தண்ணீர் பட்டால் நெளிந்துவிடும். வாட்டர்கலருக்கென்று விற்கும் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் கேட்டு வாங்குங்கள். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் இரண்டு கார்டு ஆயிற்று. பிள்ளைகளின் கேக் வண்ணப் பெட்டியும் 4ஆம் நம்பர் உருண்டை பிரஷ்ஷும் போதும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மிச்சத் தாளை பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். படம் நன்றாகக் காய்ந்த பிறகு கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்தால் வளைவு போய்விடும்.

கீமோ எடுப்பவருக்கு அனுப்பும் கார்டில் சென்ட் தெளிக்காதீர்கள், மல்லிகையைக் காயவைத்து ஒட்டாதீர்கள். அந்தச் சிகிச்சையில் பலருக்குச் சாதாரண வாசனையே குமட்டும். உதிர்கிற ஜிகினாத் தூளும் வேண்டாம்.

எழுதுவது இரண்டு மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. 'எல்லாம் சரியாகிவிடும்', 'தைரியமாக இரு' இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர் அதை வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்டு அலுத்திருப்பார். ரிப்போர்ட் என்ன ஆச்சு என்றும் கேட்காதீர்கள். ஊர்ச் செய்தி ஒன்று எழுதுங்கள்: 'நம்ம ஸ்கூல் வழியில நிக்குற அயனி இந்த வருஷம் நல்லா காச்சிருக்கு. உன் நெனப்பு வந்துச்சு.' கடைசியில் மறக்காமல் 'பதில் போடாண்டாம்' என்று சேர்த்துவிடுங்கள். அந்த வரி அவருக்குப் பெரிய விடுதலை. நீங்களும் பதிலை எதிர்பார்க்காமல் மாதம் ஒன்றோ இரண்டோ அனுப்பிக்கொண்டே இருங்கள். பிறந்தநாள், பண்டிகை பார்க்க வேண்டாம். ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேரும் கார்டுக்குத்தான் மவுசு.

கார்டும் கவரும் சேர்ந்து 20 கிராமுக்குள்தான் வரும், 5 ரூபாய் ஸ்டாம்ப் போதும். முகவரியைப் பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். இங்க் பேனா மழையில் கரைந்துவிடும்.

மகளிடம் கோபம் வேண்டாம், அவருக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறார். பின்கோடு பார்த்துத் தரும் வேலையை அவரிடமே கொடுங்கள். ஆனால் வரைந்த கார்டை ஃபோட்டோ எடுத்து முதலிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் விடாதீர்கள். கவரைப் பிரித்துப் பார்க்கிற சந்தோஷம் கூட்டுக்காரிக்கு முழுசாகக் கிடைக்கட்டும்.